ஆண்டு தெரிந்த பிறகுதான் பெயிண்ட் டப்பா

1860-ல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் இரண்டு தொடக்கங்கள். ஜூன் 26 அன்று டர்பன் சந்தைத் திடலுக்கும் பாயிண்ட் துறைமுகத்துக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் ஒப்பந்தக் கூலிகளாக வந்த 342 பேரை இறக்கியது. பின்னாளில் அந்த வழியில் வந்தவர்களில் பலர் ரயில்வேக்கே வேலைக்குப் போனார்கள். அதனால் நினைவு ஆண்டு வரும்போது ‘பழைய எஞ்சின் ஒன்றுக்கு நினைவு வண்ணம் அடிப்போம்’ என்ற பேச்சு நம்மவர்களிடம் எழுவது இயல்பு, நல்லதும்கூட. ஆனால் எந்த ஆண்டின் வண்ணம் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். அது முடிவாகாமல் டப்பாவைத் திறந்தால் நினைவுச் சின்னம் வெறும் விளம்பரப் பலகையாகிவிடும்.

1860-ன் எஞ்சினையே இன்றைய பாதையில் ஓட்ட முடியாது. ‘நேட்டால்’ என்ற அந்த முதல் எஞ்சின் லீட்ஸில் செய்யப்பட்டு, நான்கு அடி எட்டரை அங்குலப் பாதையில் ஓடியது. இன்றைய பாதையின் அகலம் மூன்றரை அடி, அதாவது 1067 மில்லிமீட்டர். இங்கே பாதுகாக்கப்பட்டு ஓடுகிற நீராவி எஞ்சின்கள் பெரும்பாலும் 20-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அவற்றுக்கு 1860-ன் உடை போடுவது பேரனுக்குத் தாத்தாவின் பெயர்ப்பலகையை மாட்டுவது போலத்தான். நீங்கள் எடுத்த எஞ்சின் உண்மையில் அணிந்திருந்த வண்ணத்தைப் போட்டு, 1860-ஐத் தனிப் பலகையில் எழுதி முன்புறம் தொங்கவிடுங்கள். பலகையைக் கழற்றலாம், பெயிண்டைக் கழற்ற முடியாது.

எஞ்சினின் உடம்பே ஆண்டைச் சொல்லும். டர்பனுக்கு அருகே கிளூஃப், இன்சாங்கா பாதையில் ஓடிய ‘மௌரீன்’ நீராவி எஞ்சின், எண் 1486, 3பிஆர் வகுப்பு. வகுப்பு எழுத்துகளின் கடைசியில் வரும் ‘ஆர்’, பின்னாளில் புது பாய்லர் போடப்பட்டது என்பதற்கான அடையாளம். மூல வடிவம் 1912-ல் வந்தது. ரயில்வேயின் தலைமை இயந்திரப் பொறியாளர் வாட்சன் வடிவமைத்த, பல வகுப்புகளுக்குப் பொருந்தும் பொது பாய்லர்கள் 1930-கள் முதல்தான் இத்தகைய பழைய எஞ்சின்களில் ஏறின. ஆகவே ‘ஆர்’ போட்ட எஞ்சினுக்கு 1912-ன் எழுத்தும் எண்பலகையும் கொடுத்தால், பாய்லரின் பருமனே அதைப் பொய்யாக்கிவிடும். மின் எஞ்சின்களிலும் இதே சிக்கல் உண்டு. 1960 வரை அவை பாட்டில் பச்சை. அதன் பிறகு கல்ஃப் ரெட் சிவப்பும், முகப்பிலிருந்து பக்கவாட்டுக்கு ஓடும் மஞ்சள் மீசைக்கோடுகளும் வந்தன. 5இ வகுப்பு 1955 முதல் ஓடியது, அதற்குப் பச்சை பொருந்தும். 6இ வகுப்பு சிவப்புக் காலத்தில்தான் பிறந்தது. அதைப் பச்சையாக்கினால் பார்க்க அழகாக இருக்கலாம், வரலாறு கெட்டுப்போகும்.

இதற்கு நியாயமான விதிவிலக்கு 3450. 1953-ல் 25என்சி வகுப்பில் பிறந்த இந்த நீராவி எஞ்சினை, பொறியாளர் டேவிட் வார்டேல் கேப்டவுன் சால்ட் ரிவர் பணிமனையில் திருத்தி, 1981-ல் சிவப்பாக வெளியே விட்டார். ரெட் டெவில் என்ற பெயர் அதிலிருந்து ஒட்டிக்கொண்டது. அந்தச் சிவப்பு ஒரு பரிசோதனையின் அடையாளம். நிலக்கரிச் செலவு 28 சதவீதமும் தண்ணீர்ச் செலவு 30 சதவீதமும் குறைந்து, இழுவைத் திறன் 43 சதவீதம் கூடியது. வேறொரு 25என்சி-க்குச் சிவப்பு அடித்தால் அதன் புகைபோக்கியைப் பார்த்தே வித்தியாசம் கண்டுபிடித்துவிடுவார்கள். 3450-ல் இருப்பது புகையை வலுவாக இழுக்கும் லெம்போர் முறை இரட்டைப் புகைபோக்கி.

ஆண்டு முடிவானதும் நிறத்தை எஞ்சினிடமே கேட்க வேண்டும். புகைப்படம் போதாது, கறுப்பு வெள்ளைப் படம் பச்சையையும் கருஞ்சிவப்பையும் ஒன்றாகக் காட்டும். எண்பலகைக்குப் பின்னால், கைப்பிடிக் கம்பியின் அடிக்கட்டைக்குக் கீழே, கேபினுக்குள் அளவுமானிகளின் பின்புறம் ஆகிய இடங்களில் பழைய பூச்சு தப்பித்திருக்கும். ஒரு ரூபாய் நாணய அகலத்தில் நடுவைத் தகடு தெரியும்வரை தேய்த்து, விளிம்புகளைச் சரிவாக்குங்கள். 400 நம்பர் உப்புத்தாளை ஈரமாக வைத்துத் தொடங்கி, 600, பிறகு 1200 என்று நயமாக்க வேண்டும். ஒரு சொட்டு எண்ணெய் தடவினால் அடுக்குகள் வளையங்களாகத் தெரியும். நடுவில் இரும்பு, அதைச் சுற்றிப் பிரைமர், அதன் மேல் ஒவ்வொரு காலத்து நிறமும். எண்ணெய் தடவியபோது தெரியும் நிறம் உண்மையைவிடக் கொஞ்சம் அடர்ந்தது. இருட்டில் கிடந்த ஆளிவிதை எண்ணெய்ப் பூச்சு மஞ்சளாகவும் மாறியிருக்கும். அதனால் திறந்த இடத்தைச் சில வாரங்கள் பகல் வெளிச்சத்தில் விட்டு, அதன் பிறகு நிற அட்டையோடு ஒப்பிடுங்கள். பி.எஸ். 381சி என்ற பிரிட்டிஷ் தர நிற அட்டையில் கல்ஃப் ரெட்டின் எண் 473. கடைக்காரரிடம் ‘ரயில்வே சிவப்பு’ என்று கேட்காமல் இந்த எண்ணைச் சொல்லுங்கள்.

தேய்ப்பதற்கு முன் ஒரு எச்சரிக்கை. பழைய அடிப்பூச்சு பெரும்பாலும் ஈயச் சிவப்பு. உலர்வாகத் தேய்த்தாலோ பர்னரால் சுட்டாலோ ஈயம் மூச்சில் போகும். ஈரமாகத் தேய்த்து, கழிவைத் துணியோடு சேர்த்து மூடிய டப்பாவில் போடுங்கள். சாப்பிடுவதற்கு முன் கையை நன்றாகக் கழுவுங்கள். பாய்லர் உறைத் தகட்டைக் கழற்ற வேண்டியிருந்தால் உள்ளே இருப்பது ஆஸ்பெஸ்டாஸ் என்று வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் அதற்குத் தனி விதிமுறைகள் உண்டு, பதிவுபெற்ற ஒப்பந்தக்காரர்தான் அதைத் தொட வேண்டும்.

மணல் பீச்சுவது வேகமான வேலைதான். ஆனால் சக்கரத்தோடு நிற்கும் எஞ்சினில் அதைச் செய்தால், அச்சுப்பெட்டியிலும் சறுக்குத் தண்டுகளிலும் பிஸ்டன் தண்டிலும் பொடி புகும். பெயிண்ட் புதுசாக இருக்கும், தாங்கிகள் சில நாளில் தேய்ந்துபோகும். டெண்டர் (எஞ்சினுக்குப் பின்னால் நிலக்கரியும் தண்ணீரும் சுமக்கும் வண்டி) தொட்டியைக் கழற்றித் தனியாக அனுப்ப முடிந்தால் பீச்சலாம். மற்ற இடங்களில் துருவைத் தட்டி எடுக்கும் ஊசித் துப்பாக்கியும் கம்பித் தூரிகையும் போதும். பீச்சும் இடத்தில் ஐ.எஸ்.ஓ. 8501-1 தரநிலை சொல்லும் எஸ்ஏ 2½ சுத்தமும் (கிட்டத்தட்ட வெறும் இரும்பு தெரியும் அளவு), 40 முதல் 75 மைக்ரான் வரை கரடும் வேண்டும். 4 மணி நேரத்துக்குள் பிரைமர் ஏறிவிட வேண்டும். டர்பன் கடற்காற்றில் அந்த நேரத்துக்கு முன்பே துரு மலரும். உப்பு ஒட்டியிருந்தால் பீச்சுவதற்கு முன் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். உப்பு மேல் போட்ட பிரைமர் சில மாதங்களில் கொப்பளித்து எழும்.

காலநிலையும் முக்கியம். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழும், தகட்டின் சூடு பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) குறைந்தது 3 டிகிரி மேலும் இருக்க வேண்டும். கிளூஃப் மேட்டில் மூடுபனி இறங்கும் மாலையில் எனாமல் அடித்தால், விடியும்போது பளபளப்பு போய்ச் சாம்பல் பூத்திருக்கும். மே முதல் ஆகஸ்ட் வரையிலான வறண்ட மாதங்களில், காலை பத்து மணிக்குத் தொடங்கிப் பிற்பகல் மூன்று மணிக்குள் முடிப்பது நல்லது.

ஒரே பெயிண்டை எஞ்சின் முழுக்க அடிப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. புகைப்பெட்டியும் புகைபோக்கியும் 300 டிகிரியைத் தாண்டும். அங்கே சாதாரண எனாமல் முதல் ஓட்டத்திலேயே பழுப்பேறிச் செதிலாக உரியும். சிலிக்கோன் அடிப்படையிலான வெப்பம் தாங்கும் கறுப்பு போடுங்கள். அதையும் மெல்லிய இரண்டு பூச்சாக, வெறும் தகட்டின் மேல் அடித்து, டப்பாவில் சொன்ன முறையில் படிப்படியாகச் சூடேற்ற வேண்டும். தடிமனாக அடித்தால் உள்ளே சிக்கிய தின்னர் கொதித்துக் குமிழும். பாய்லர் உறைக்கும் கேபினுக்கும் நல்ல ஆல்கைட் எனாமல் போதும். டெண்டரின் வெளிப்புறத்துக்கு எப்பாக்சி பிரைமர் 75 முதல் 100 மைக்ரான், அதன் மேல் அண்டர்கோட், பிறகு எனாமல்.

எப்பாக்சி முழுதாக இறுகிய பிறகு ஆல்கைட் அடித்தால் அது மேலே உட்கார்ந்திருக்கும், பிடிக்காது. ஒரு வருடத்தில் நகத்தால் உரிக்கலாம். டப்பாவில் போட்ட கால வரம்புக்குள் அடுத்த பூச்சை அடியுங்கள், தவறினால் 240 நம்பர் தாளால் தேய்த்துக் கரடாக்குங்கள். பழைய எனாமல் மேல் இரண்டு கலவை பாலியூரித்தேன் அடித்தால் அதன் தின்னர் கீழ்ப்பூச்சைச் சுருக்கிவிடும். புது பெயிண்ட் குழிக்குழியாக, மீன் கண் போல விலகினால் கீழே எண்ணெய்ப் படலம் இருக்கிறது என்று அர்த்தம். பெயிண்டைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு துணியில் கரைப்பான் தடவி, ஈரம் காய்வதற்கு முன் இன்னொரு சுத்தமான துணியால் துடையுங்கள். ஒரே துணி என்றால் எண்ணெயை இடம் மாற்றித் தேய்ப்பதோடு சரி.

அளவைக் கணக்கிட ஒரு வழி: பெயிண்டில் திடப்பொருள் கன அளவில் 50 சதவீதம், உலர்ந்தபின் 40 மைக்ரான் வேண்டுமென்றால், ஒரு லிட்டர் 12.5 சதுர மீட்டர் பிடிக்கும். 8 மீட்டர் நீளம், 1.6 மீட்டர் உயரமுள்ள டெண்டரின் இரு பக்கமும், 2.8 மீட்டர் அகலமான பின்புறமும் சேர்ந்தால் சுமார் 30 சதுர மீட்டர். ஒரு பூச்சுக்கு 2.4 லிட்டர், சேதாரம் சேர்த்து 3 லிட்டர். இரண்டு அண்டர்கோட், இரண்டு எனாமல் என்றால் ஒவ்வொன்றிலும் 6 லிட்டர். மேல்நிறத்தை ஒரே கலவை எண்ணில் வாங்குங்கள். அடுத்த கலவை எவ்வளவு பொருந்தினாலும் பெரிய தகட்டில் நிற வேறுபாடு தெரியும்.

மீசைக்கோடு, ஓரக்கோடு வேலைக்குச் சுண்ணாம்பு நூல் கட்டி மையக்கோட்டை எடுத்து, வளைவுகளுக்கு அட்டையில் அச்சு வெட்டுங்கள். நைஸான மாஸ்கிங் டேப்பை விளிம்பில் விரலால் அழுத்தி, பூச்சு இன்னும் ஈரமாக இருக்கும்போதே பின்னோக்கி மடக்கி இழுங்கள். காயும்வரை விட்டால் விளிம்பில் பல் தெரியும். நீராவி எஞ்சினின் கோடுகளைக் கையால் போடுவதுதான் அழகு. ஸ்டிக்கர் சூட்டில் பசை இளகி நகரும். டீசல், மின் எஞ்சின்களுக்குத் தற்காலிக நினைவு வாசகம் போட வினைல் சரியான தேர்வு.

பித்தளை எண்பலகையை அதன் இடத்திலேயே வைத்துப் பாலிஷ் செய்யாதீர்கள். பாலிஷின் அம்மோனியா சுற்றியுள்ள கறுப்பை வெளுக்கும், ஒரு வருடத்தில் பலகையைச் சுற்றி வெள்ளை வளையம் விழும். கழற்றித் துடையுங்கள், இல்லையென்றால் அட்டை வெட்டி மறையுங்கள். திருப்பி மாட்டும்போது பின்புறம் நைலான் வாஷர் வையுங்கள். பித்தளையும் இரும்பும் ஈரத்தில் நேராகத் தொட்டால் இரும்புதான் கரையும்.

வண்ணம் முடிந்த அன்றே 100க்கு 150 மில்லிமீட்டர் தகடு இரண்டில், எஞ்சினுக்குப் போட்ட அதே வரிசையில் எல்லாப் பூச்சையும் அடித்து, பின்புறம் நிற எண், கலவை எண், தேதி எழுதி, ஒன்றைக் கேபின் பெட்டியிலும் ஒன்றை வீட்டிலும் இருட்டில் வையுங்கள். ஐந்து வருடம் கழித்து ஒரு கீறலைச் சரிசெய்யும்போது, வெயிலில் வெளுத்த எஞ்சினைப் பார்த்து நிறம் கலக்க வேண்டிய நிலை வராது.