ஆந்தைக்கு ஓர் எழுத்து, யானைக்கு வேறு எழுத்து

யானை, ஆந்தை, எறும்புத்தின்னி, மீன்கொத்தி என நான்கு காட்டுயிர் வாழ்த்து அட்டைகள் செய்யத் தொடங்கினேன். மடித்தபின் அளவு ஏ6, அதாவது 105 × 148 மி.மீ.; சி6 உறைக்குள் சரியாக அடங்கும். மூன்று முடிந்துவிட்டன.

யானைக்கு வாட்டர் கலர். ஈரத்தாளில் சாம்பல் நிறத்தைப் பரவவிட்டதும் தோலின் மடிப்புகள் தாமாகவே வந்து அமர்ந்தன. அதைக் கணினியில் ஏற்றி, 'பலூ தம்பி' எழுத்துருவில் வாழ்த்தை அடித்தேன். தனியாகப் பார்த்தால் கொழுகொழுவென்று அழகான எழுத்து. படத்தின் மேல் வைத்ததும் கண் நேரே எழுத்துக்குப் போய்விட, யானை வெறும் பின்னணிக் கறையாகிவிட்டது. கறுப்பை அடர்சாம்பலாக மாற்றியும் தீரவில்லை. சிக்கல் நிறத்தில் இல்லை, விளிம்பில் இருந்தது. படத்தில் எங்கும் வெட்டினாற்போன்ற விளிம்பு கிடையாது. எழுத்தில் எல்லாமே அப்படித்தான். கடைசியில் அதே தூரிகையை அதே சாம்பலில் தொட்டுக் கையாலேயே எழுதினேன். பதினோரு முறை எழுதி ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன்.

ஆந்தைக்கு லினோ கட்; அதாவது லினோலியத் துண்டை உளியால் செதுக்கி, மேடாக நிற்கும் பகுதியில் மை தடவி அச்செடுக்கும் முறை. இறகின் வரிகளுக்கு இதைவிடப் பொருத்தமான முறையை நான் பார்த்ததில்லை. பட்ட பாடெல்லாம் எழுத்தில்தான். அச்சில் இடம் வலமாகத் திரும்பிவிடும் என்பதால், டிரேசிங் தாளில் எழுதிக் கவிழ்த்துப் படியெடுத்தேன். 'வாழ்த்துகள்' என்ற ஒரே சொல்லில் மூன்று புள்ளிகள்! சுற்றிலும் செதுக்கி அகற்றி, கடுகளவு மேட்டைப் புள்ளியாக நிற்கவைத்தால், உளி பட்டதும் பிய்ந்து வந்துவிடுகிறது. இரண்டு துண்டுகள் வீணாயின. பிறகுதான் மாற்றி யோசித்தேன். இரவு வானத்தைக் கறுப்பாக விட்டு, எழுத்தை உள்ளே குடைந்தேன். இப்போது புள்ளி என்பது உளியை ஒருமுறை சுழற்றுவது, அவ்வளவுதான். இறகும் எழுத்தும் ஒரே உளியின் வெள்ளைத் தடமாக வந்தபோது அவ்வளவு மகிழ்ச்சி.

ஆனால் அந்த அச்சில் கால் தவறு. கிளையின் முன்பக்கம் மூன்று விரல்கள் போட்டிருந்தேன். ஆந்தை கிளையைப் பற்றும்போது வெளிவிரல் பின்னுக்குத் திரும்பிவிடும். பெரும்பாலும் முன்னால் இரண்டுதான் தெரியும். அட்டைதானே என்று விட மனமில்லை. மறுபடி செதுக்கினேன்.

எறும்புத்தின்னி எளிதாக முடிந்தது. 0.3 மி.மீ. பேனாவில் செதில் செதிலாக வரைந்தேன். எழுத்துக்குக் கட்டுமரத்தின் பெயரைத் தாங்கிய 'கேட்டமரான்'. அதில் ஒன்பது தடிமன்கள் உண்டு. பேனாக் கோட்டோடு ஒத்துப்போகும்வரை ஒவ்வொன்றாக அச்செடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மேல்வரியில் 'இனிய பிறந்தநாள்', கீழ்வரியில் 'வாழ்த்துகள்'. 'ற'வின் கால் கீழ்வரிப் புள்ளியை இடித்ததால், 22 பாயின்ட் அளவு எழுத்துக்கு வரி இடைவெளியை 32 பாயின்ட் ஆக்கினேன். நான் எடுத்த இரண்டு எழுத்துருக்களும் திறந்த உரிமத்தில் கிடைப்பவை. அட்டையை விற்றாலும் தடையில்லை.

இப்போது மீன்கொத்தியில் நிற்கிறேன். திரையில் மின்னிய நீலம், நான்கு மைகளால் நிறங்களை உண்டாக்கும் சிஎம்ஒய்கே அச்சில் மங்கிவிட்டது. அந்தப் பறவையின் நீலமே நிறமியால் வருவதில்லை. இறகின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் தோன்றுவது. மையில் அதைத் துரத்துவதை விட்டுவிட்டேன். நீலத்தை அப்படியே வைத்து, வயிற்றின் ஆரஞ்சை அழுத்தமாக்கி, எழுத்துக்கும் அதே ஆரஞ்சைக் கொடுத்து ஒரு சோதனை அச்சு எடுத்தேன். பக்கத்து ஆரஞ்சால் நீலம் கொஞ்சம் எழுந்து நிற்கிறது. எழுத்துதான் இன்னும் தடிமனாகத் தெரிகிறது. நாளை ஒரு படி மெலிதாக்கிப் பார்க்க வேண்டும்.