ஒரே கலர் கோடு, ரெண்டு வெள்ளி: இடது பெண்டர் மாற்றிய கதை

ரெண்டாவது பெண்டர் (காரின் முன் சக்கரத்துக்கு மேலே இருக்கும் பக்கப் பலகம்) ஒருவழியாக வண்டியில் ஏறிவிட்டது. கதவோரம் குனிந்து பார்த்தாலும் நிற வித்தியாசம் தெரியவில்லை. முதலில் வாங்கியது சுவரில் சாய்ந்து கிடக்கிறது. அதில் டென்ட் இல்லை, துரு இல்லை, கலர் கோடும் (பெயின்ட் நிறத்துக்குக் கம்பெனி தரும் குறியீடு) அதேதான். ஆனால் கதவுப் பக்கத்தில் வைத்தால் ஒன்று வெள்ளி, இன்னொன்று ஈயம்.

ஒரே கோடுக்குள்ளேயே தயாரிப்புக்குத் தயாரிப்பு சாயல் மாறும். பெயின்ட் கலக்குகிறவர்கள் ஒரு கோடுக்கே பல வேரியன்ட் அட்டை வைத்திருப்பது அதனால்தான். போதாக்குறைக்கு வெயில். நிழலில் நின்ற வண்டியும் வெட்டவெளியில் காய்ந்த வண்டியும் சில வருடத்தில் வேறு வேறு நிறம். கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படித்துக் கோடு சரிபார்ப்பது தேடலைச் சுருக்கும், அவ்வளவே.

இந்தத் தடவை கைகொடுத்தது பெட்ரோல் டேங்கின் வெளி மூடி. பல வண்டிகளில் ரெண்டு ஸ்க்ரூவில் கழன்றுவிடும்; கையோடு காயலான் கடைக்குக் கொண்டுபோகலாம். தகர மூடியாக இருந்தால் மட்டும். பிளாஸ்டிக் மூடியையும் பம்பரையும் நம்ப வேண்டாம். பிளாஸ்டிக்குப் பெரும்பாலும் தனியாகத்தான் பெயின்ட் அடிக்கிறார்கள், புதிதிலேயே ஒரு இழை மாறியிருக்கும்.

மூடியின் நடுவே மாஸ்கிங் டேப் ஒட்டி, ஒரு பாதியை மட்டும் காம்பவுண்ட் (மங்கிய மேல்படலத்தைத் தேய்த்தெடுக்கும் பசை) போட்டுத் தேய்க்க வேண்டும். வாங்கப்போகிற பெண்டரிலும் உள்ளங்கை அகலத்துக்கு அதே காம்பவுண்ட், அதே துணி. தேய்த்ததைத் தேய்த்ததோடு ஒப்பிட்டால்தான் நிறம் தெரியும்; இல்லாவிட்டால் ரெண்டு அழுக்கை ஒப்பிட்டதாகத்தான் ஆகும். அவசரத்துக்குத் தண்ணீர் தெளித்துப் பார்க்கலாம், பாலிஷ் போட்டால் எப்படி இருக்கும் என்று ஓரளவு காட்டிவிடும்.

பெண்டரைத் தரையில் படுக்கவைத்துப் பார்த்தால் மெட்டாலிக் பெயின்ட் (உலோகத் துகள் கலந்தது) ஏமாற்றும். வண்டியில் நிற்கிற மாதிரியே நிமிர்த்தி, மூடியைப் பக்கத்தில் அதே சாய்வில் பிடித்து, நேராக ஒரு தடவை, அரைச் சாய்வில் ஒரு தடவை, கிட்டத்தட்ட விளிம்போரமாக ஒரு தடவை. உச்சி வெயிலும் வேண்டாம், டியூப்லைட்டும் வேண்டாம். பகல் நிழல் போதும். நேராக ஒத்துப்போய் சாய்வில் கறுத்தால் அது வேறு வேரியன்ட், அல்லது மறுபடி பெயின்ட் அடித்தது. மெட்டாலிக் துகள் படுத்திருக்கும் விதமே வேறு என்பதால் எவ்வளவு பாலிஷ் போட்டாலும் சரியாகாது. முதல் பெண்டர் தோற்றது இங்கேதான்.

மறுபெயின்ட்டைப் பிடிக்கத் தடிமன் மீட்டர் இருந்தால் நல்லது. ஆலைப் பெயின்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரானுக்குள் நிற்கும். 200 தாண்டினால் சந்தேகம், 500 தாண்டினால் பெரும்பாலும் உள்ளே பட்டி (பள்ளத்தை நிரப்பிப் பூசும் புட்டி). மீட்டர் இல்லையென்றால் மெல்லிய துணி சுற்றிய காந்தம். பட்டி உள்ள இடத்தில் பிடி தளரும். அலுமினியம், பிளாஸ்டிக் பெண்டரில் காந்தம் உதவாது. போல்ட் ஓட்டையைச் சுற்றி வாஷர் தடம் ஒன்றே ஒன்றாகச் சுத்தமாக இருக்கிறதா, உள் மடிப்பில் டேப் ஒட்டிய கோடு தெரிகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். பின் கீழ் மூலையில் விரலால் அழுத்திப் பாருங்கள். லைனருக்கு (சக்கரத்துக்கு மேலே உள்பக்கம் இருக்கும் மறைப்பு) பின்னால் சேறு தங்குவது அங்கே, துரு தொடங்குவதும் அங்கே.

விற்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. போனில் அனுப்பும் படத்தில் எல்லாமே பளபளக்கும். உள்பக்கப் படமும், கழற்றிய வண்டியின் ஸ்டிக்கர் படமும் கேளுங்கள். சைடு இண்டிகேட்டர் ஓட்டை இருக்கிறதா என்பதையும். இண்டிகேட்டர் சைடு மிரரில் இருக்கும் மாடலுக்கு ஓட்டை உள்ள பெண்டர் வந்தால் அடைப்பதே தனி வேலை.

மாட்டுவது பத்தாம் நம்பர் சாக்கெட் வேலைதான், கதவைத் திறந்தால் மட்டும் தெரியும் அந்த ஒரு போல்ட்டை மறக்காதவரை. எல்லாவற்றையும் கைமுறுக்கில் விட்டு, முதலில் கதவு இடைவெளி, பிறகு பானெட். 4 மில்லிமீட்டர் அளவுக்கு மடித்த அட்டையைச் செருகிவைத்தால் முறுக்கும்போது நகராது. எதிர்ப்பக்க இடைவெளிதான் அளவுகோல். முறுக்கியதும் கதவை வேகமாகத் திறக்காதீர்கள். திறக்கும்போது கதவின் முன் விளிம்பு பெண்டருக்கு உள்பக்கமாகத் திரும்பிப் போகும். பெண்டர் ஒரு மயிரிழை உள்வாங்கியிருந்தாலும் ரெண்டிலும் பெயின்ட் பெயரும். டேப் ஒட்டி, மெதுவாக.

லைனர் இன்னும் தொங்குகிறது. பழைய கிளிப்பில் பாதி உடைந்துவிட்டது, புதுசு வர வேண்டும். முதல் பெண்டரை வைத்து ஸ்ப்ரே பழகலாம் என்று திட்டம். அதற்குள் வேறு வேலை முளைத்திருக்கிறது: டேங்க் மூடியைத் திரும்ப மாட்டியதில் பாதி பளபள, பாதி மங்கல். இனி அந்தப் பக்கம் முழுக்கக் காம்பவுண்ட் போட்டே ஆகவேண்டும்.