பட்ஜெட்டுக்குள் ஒரு காப்பி பிஸ்டல்: மார்த்தாண்டத்து நாட்குறிப்பு

4 ஆகஸ்ட் 2024, ஞாயிறு

பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் வெண்கலம் வாங்கினார். சரப்ஜோத் சிங்கோடு சேர்ந்து இன்னொன்றும் வந்தது. அதிலிருந்து வீட்டில் பத்து மீட்டர் பிஸ்டல் பேச்சுதான். எனக்கோ இது பழைய ஆசை. ஞாயிற்றுக்கிழமை பின்கட்டில் நின்று காகிதத்தைச் சுட, காற்றழுத்தத்தில் சுடும் ஒரு ஏர் பிஸ்டல் போதும், போட்டியெல்லாம் வேண்டாம்.

பாக்கெட்டில் கையை விட்டபடி வெள்ளி அடித்த துருக்கிக்காரர் யூசுஃப் டிகெச்சைக் காட்டி, "பாத்தியா மாமா, சாதாரண ஆளு" என்கிறான் மருமகன். அவர் போட்டிருந்த கண்ணாடிதான் சாதாரணம், பிடித்திருந்த பிஸ்டல் அல்ல. ஒலிம்பிக்கில் பார்க்கிற ஸ்டெயர், மொரினி, பர்தினி எல்லாம் லட்சத்தைத் தாண்டும். என் கையில் இருப்பது பதினைந்தாயிரம். ஆகவே ஒரிஜினலைப் பார்த்துச் செய்த காப்பிதான் வழி.

இன்று ஆடி அமாவாசை. கன்னியாகுமரிக்குப் போகிற பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை என்று தம்பி போன் செய்தான். நல்லவேளை, நான் கிளம்பவில்லை.

8 ஆகஸ்ட், வியாழன்

மருமகன் தேடி எடுத்த படங்கள் முழுக்க கிளாக், பெரெட்டா என்கிற நிஜத் துப்பாக்கிகள் மாதிரி இருக்கும் கறுப்பு ஏர் பிஸ்டல்கள். 12 கிராம் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் போட்டால் மேலே இருக்கும் ஸ்லைடு மூடிகூடப் பின்னால் அசையுமாம். "இதுதான் மாஸ் மாமா."

மாஸ் சரி. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை சுடுவது எஃகுக் குண்டு, குழாயின் உள்ளே குண்டைச் சுழல வைக்கும் சுருள் வரியும் கிடையாது. வரி இல்லாத குழாயிலிருந்து வரும் குண்டு சுழலாது, பத்து மீட்டர் போவதற்குள் தன் இஷ்டத்துக்குப் போகும். கட்டியான எதிலாவது பட்டால் துள்ளித் திரும்பியும் வரும். வாயுவின் அழுத்தமும் வெயிலுக்குத் தக்க மாறும். சித்திரையில் ஓர் உயரத்தில் படுகிற குண்டு ஆடி மழையில் வேறு உயரத்தில் படும். சிலிண்டர் செலவு தனி.

எல்லாவற்றுக்கும் மேலாக, அதைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நின்றால் பக்கத்து வீட்டு மாமி போலீஸைக் கூப்பிடுவார். கூப்பிட்டால் தப்பும் சொல்ல முடியாது.

காப்பியில் இரண்டு வகை உண்டு. ஒன்று முகத்தைக் காப்பியடிப்பது, இன்னொன்று உள்ளே இருக்கும் இயக்கத்தைக் காப்பியடிப்பது. குறி பார்க்கிறவனுக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

11 ஆகஸ்ட், ஞாயிறு

நாகர்கோவில் போனபோது ஒரு கடையில் உள்நாட்டுப் பட்டறைக் காப்பியைப் பார்த்தேன். பழைய ஜெர்மன் மாடலைப் பார்த்துச் செய்தது, குழாயை மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் இறுகும் ரகம். விலை என் பட்ஜெட்டில் பாதிகூட இல்லை.

குழாயை மூடி, நுனியை இரண்டு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தேன். கீல் சொடக்கென்று ஆடியது. குறி பார்க்கும் முன் சைட் குழாயிலும் பின் சைட் உடலிலும் இருக்கிற பிஸ்டலில் கீல் ஆடினால் கதை முடிந்தது: ஒவ்வொரு தடவை மடக்கி மூடும்போதும் குறி இடம் மாறும். "ஸ்க்ரூ முறுக்கினா சரியாயிரும் அண்ணாச்சி" என்றார் கடைக்காரர். முறுக்கிக் காட்டினார், ஆடியது.

கீல் நன்றாக இருந்தாலும் ஸ்பிரிங் பிஸ்டல் படிப்பதற்குக் கடினம். பெல்லட் என்கிற சின்ன ஈயக் குண்டு குழாயை விட்டு வெளியேறும் முன்பே உள்ளே பிஸ்டன் முன்னால் பாய்ந்து மோதி, மொத்தத்தையும் உதறிவிடும். கையை ஒரே மாதிரி பிடிக்கத் தெரிந்தவனுக்கு அது பரவாயில்லை, எனக்கு இன்னும் தெரியாது.

அம்மா ராத்திரி கேட்டார்: "காக்காய அடிக்கவாலே வாங்குத?" பறவையைச் சுடுகிற பேச்சே கிடையாது, 1972இலேயே வனவிலங்குச் சட்டம் வந்தாயிற்று என்றேன். "அப்போ எதுக்கு?" அதற்குப் பதில் சொல்வதுதான் கஷ்டம்.

17 ஆகஸ்ட், சனி

திருவனந்தபுரத்து வட்டியூர்க்காவு துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போகிற பாறசாலை நண்பர் ஒருவரிடம் பீமன் பி17 என்கிற ஏர் பிஸ்டல் இருக்கிறது. அதைப் பார்க்கத்தான் போனேன். ஜெர்மனியின் வைராவ் கம்பெனி எச்டபிள்யூ40 பிஸ்டலை அப்படியே பார்த்துச் சீனாவில் செய்தது. காப்பி என்றால் இதுதான் காப்பி.

பின்னால் சுத்தியல் மாதிரி இருக்கும் கொக்கியைத் தள்ளினால் மேல்பாகம் பிளந்து முன்னால் மடிகிறது. பெல்லட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் போட்டு, மேல்பாகத்தைத் திரும்ப மூடும்போது காற்று அழுத்தப்படுகிறது. கடைசி இரண்டு அங்குலம் பலம் கேட்கிறது, விரல் இடையில் மாட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே அமுக்கில் முழுக் காற்று. சுடும்போது உள்ளே ஓடுகிற கனமான பிஸ்டன் இல்லை, அதனால் உதறலும் இல்லை. டிரிகர் இந்த விலைக்கு நம்ப முடியாத மென்மை.

வேகம் நொடிக்கு ஏறத்தாழ 120 மீட்டர். 0.45 கிராம் பெல்லட்டுக்குக் கணக்குப் போட்டால் அதன் ஆற்றல் மூன்று ஜூலைக் கொஞ்சம் தாண்டும். 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ. குழாயும் 20 ஜூலும் தாண்டாத ஏர் கன்னுக்கு லைசென்ஸ் தேவையில்லை. நம்முடையது அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூட வராது. காகிதத்தைத் துளைக்க அது தாராளம், கண்ணைக் கெடுக்கவும் அது போதும். கண்ணாடி போடாமல் யாரும் பக்கத்தில் நிற்கக் கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டேன்.

நண்பர் பெரிய பிஸ்டலுக்கு மாறப்போகிறார், இதை விற்க ரெடி. ஒரே குறை: மூடி வைத்தால் மெல்ல 'உஸ்' என்று காற்று போகிறது. அதைச் சொல்லித்தான் விலை பேசினேன். பழைய பில்லையும் வாங்கிக்கொண்டேன்.

25 ஆகஸ்ட், ஞாயிறு

இந்த மாடலில் காற்று கசிந்தால் முதலில் பார்க்க வேண்டியது ஓ-ரிங், காற்றை அடைத்துப் பிடிக்கும் ரப்பர் வளையம். பிரித்துப் பார்த்தால், மூடும்போது காற்றை அழுத்தும் பிஸ்டனின் தலையில் இருந்தது பாலாடை மாதிரி மெலிந்து ஒரு பக்கம் வெட்டுப்பட்டிருந்தது. அதை எடுத்துக்கொண்டு வடசேரியில் ஒரு பேரிங் கடைக்குப் போனேன். கடைக்காரர் காலிப்பரில் உள்விட்டமும் தடிமனும் அளந்து, நைட்ரைல் ரப்பர் ரிங் நாலைந்து எடுத்துப் போட்டார். மொத்தமும் ஒரு டீ, வடைக் காசு.

மாட்டும் முன் சிலிக்கான் எண்ணெய் ஒரு சொட்டு. அப்பா பக்கத்தில் நின்று, "தேங்காயெண்ணெ போடு மக்கா, நல்லா ஓடும்" என்றார். நம்மூரில் எல்லாவற்றுக்கும் அதுதான். நாளானால் அது பிசினாகி உள்ளே ஒட்டும் என்று தடுத்துவிட்டேன். மூடி வைத்துக் காதருகே பிடித்தேன், சத்தமில்லை.

1 செப்டம்பர், ஞாயிறு

அடுக்களை வாசலிலிருந்து கிணற்றடிச் சுவர் வரை டேப் போட்டுப் பத்து மீட்டர் குறித்தேன். பிளைவுட் பெட்டிக்குள் களிமண் அப்பி, சுவரோடு சேர்த்து வைத்தேன். ஈயப் பெல்லட் துள்ளாமல் அதிலேயே புதைந்துகொள்கிறது. சுட்டு முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், ஈயம் ஈயம்தான்.

டார்கெட் அட்டை 17 செ.மீ. சதுரம். நடுவில் கறுப்பு 59.5 மி.மீ., பத்துப் புள்ளி வட்டம் வெறும் 11.5 மி.மீ. அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு மனு பாக்கர் மேல் மரியாதை இன்னும் கூடியது.

சைட்டில் ஒளிரும் புள்ளிகள் கண்ணை இழுத்ததால் கறுப்பு மார்க்கரால் பூசிவிட்டேன். முதலில் எல்லாமே இடப்பக்கம் கீழே. பின் சைட் ஸ்க்ரூவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பியதும் ஓட்டைகளின் கூட்டம் கறுப்புக்குள் வந்தது. தட்டைத் தலை பெல்லட் காகிதத்தை பஞ்ச் அடித்த மாதிரி வட்டமாக வெட்டுகிறது, புள்ளி எண்ணத் தகராறே இல்லை.

மருமகனும் சுட்டான். டிரிகரை இழுக்காதே, அழுத்து என்று சொல்லச் சொல்ல இழுத்தான், எல்லாம் வெளியே. கிளாக் பேச்சை அதன் பிறகு எடுக்கவில்லை. ஓணத்துக்குள் ஒரு பத்து அடிப்பேன் என்கிறான். இரண்டு டப்பா பெல்லட் கூடுதலாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.