ரெக்கார்டு நோட்டு கொண்டுவராத பெண்

தென் மாவட்டத்தில் ஓர் உதவிபெறும் கல்லூரியில் 19 வருடங்களாக வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். என் வகுப்பில் பாதிப் பேர் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். விடியல் பயணப் பேருந்தில் வந்திறங்கி, மாலையில் அதே பேருந்தைப் பிடிக்க ஓடுகிற பெண்பிள்ளைகள்தான் அதிகம். இரண்டு வருடங்களுக்கு முன்னால் அவர்களில் ஒருத்தியை எல்லார் முன்னாலும் நிற்க வைத்துத் திட்டினேன். அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலாம் ஆண்டு, முதல் பருவம், செப்டம்பர் மாத வெள்ளிக்கிழமை மதியம். நாலாவது வாரமாக அவள் ரெக்கார்டு நோட்டு கொண்டுவரவில்லை. ரெக்கார்டின் முன்னால் இருக்கும் போனஃபைட் என்ற சான்றிதழ்ப் பக்கத்தில் கையெழுத்து இல்லாமல் பிராக்டிகல் தேர்வுக்கு உட்கார முடியாது. அதை அவளிடம் மூன்று முறை சொல்லியாகிவிட்டது. அன்றைக்கு என் குரல் உயர்ந்தது. "நாலு பக்கம் எழுத உடம்பு வணங்காதவளுக்கு டிகிரி எதுக்கு?" என்று கேட்டேன். அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. கல் மாதிரி நின்றாள். எனக்கு அது திமிராகப்பட்டது. இன்னும் கொஞ்சம் திட்டினேன்.

உண்மையில் அந்தக் கோபம் நோட்டால் வந்ததில்லை. முந்தின இரவு ஒரு மணி வரை இன்டர்னல் பேப்பர் திருத்தினேன். காலையில், கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வருகைக்கான கோப்பில் இரண்டு பக்கம் குறைகிறதென்று கூட்டத்தில் என்னைக் கேள்வி கேட்டார்கள். அங்கே வாயைத் திறக்கவில்லை. மதியம், என்னை எதிர்த்துப் பேச முடியாத 17 வயதுப் பெண்ணிடம் திறந்தேன்.

அடுத்த இரண்டு ஆய்வக வகுப்புகளுக்கும் அவள் வரவில்லை. அவள் என் வார்டு, அதாவது என் பொறுப்பில் விடப்பட்ட மாணவி. வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் வீட்டுக்குப் போன் செய்ய வேண்டியது நான்தான். அம்மா எடுத்தார். "அவ தெனமும் காலேஜுக்குத்தான மேடம் வாரா?" என்றார். தேடிப் பார்த்தால், ஆய்வக நேரம் முழுக்க நூலகத்தில் ரெஃபரன்ஸ் பகுதியின் கடைசி மேசையில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "நோட்டு இருக்காம்மா?" என்று மட்டும் கேட்டேன். பையிலிருந்து எடுத்து வைத்தாள்.

அந்த நோட்டு என் கண்ணை விட்டுப் போகவில்லை. பழுப்பு அட்டை போட்டு, லேபிளில் பெயரை ஸ்கேல் வைத்து எழுதியிருந்தாள். உள்ளே திறந்தால் தையல் தளர்ந்து தாள்கள் ஆடின. தையலை ஒட்டிக் கிழித்த ஓரங்கள் பல்வரிசை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. எண்ணினேன், 11 தாள். எல்லாம் முதல் பரிசோதனை. ப்ளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவள், பெர்மாங்கனோமெட்ரி என்ற ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்து பிசகினாலும் முழுத் தாளையும் கிழித்துவிட்டுத் திரும்ப முதலிலிருந்து எழுதியிருக்கிறாள். "ஒரு அடித்தல் இருந்தாலும் எல்லாரும் பாப்பாங்கல்ல மேம். நாலஞ்சு தடவை கிழிச்சப்புறம் நோட்டப் பாத்தாலே பயம் வந்துரும். எடுக்கவே மாட்டேன்" என்றாள். வகுப்பிலேயே அந்த நோட்டுக்காக அதிக நேரம் செலவழித்தவள் அவள்தான். நான் அவளைச் சோம்பேறி என்றிருந்தேன்.

"நான் அன்னிக்கு என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன். "நீங்க திட்டுனது ஞாபகம் இருக்கு மேம். எந்தத் தேதிக்குள்ள கொண்டுவரச் சொன்னீங்கன்னு தெரியல" என்றாள். அன்றைக்குத் தேதியை இரண்டு முறை சொல்லியிருந்தேன்.

அப்புறம்தான் இதைப் பற்றி முறையாகப் படிக்க ஆரம்பித்தேன். உணர்ச்சிகளை நாம் எப்படிக் கையாளுகிறோம் என்று பல வருடங்களாக ஆராய்ந்துவருபவர் ஜேம்ஸ் கிராஸ் என்ற அமெரிக்க உளவியலாளர். ஜேன் ரிச்சர்ட்ஸ் என்பவரும் அவரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று என்னை நிறுத்திவைத்தது. உள்ளே எழும் உணர்ச்சியை முகத்தில் தெரியாமல் அடக்கிக்கொள்கிறவர்களுக்கு, அந்த நேரத்தில் சொல்லப்பட்டவை நினைவில் குறைவாகத்தான் தங்குகின்றன. அடக்குவதே ஒரு வேலை. கவனத்தை அதுவே தின்றுவிடுகிறது. நான் திமிர் என்று நினைத்த கல் முகம் அழாமல் இருக்கப் பட்ட பாடு. என் தேதி அதற்குள் போய்ச் சேரவே இல்லை. நம் வீடுகளில் "அழாதே, அடக்கிக்கோ" என்று சொல்லித்தான் வளர்க்கிறோம். சுயகட்டுப்பாடு என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

தள்ளிப்போடுவதைப் பற்றியும் என் எண்ணம் மாறியது. ஃபுஷியா சிரோவா, டிமதி பிச்சில் என்ற உளவியலாளர்கள் இருவர், அது நேர நிர்வாகக் கோளாறு என்பதைவிட மனநிலையைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி என்கிறார்கள். வேலையை நினைத்தால் வரும் பயத்திலிருந்து இந்த நிமிடம் தப்பிக்க வேலையையே தள்ளிவைக்கிறோம். கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் 119 முதலாண்டு மாணவர்களை வைத்து மைக்கேல் வோல், பிச்சில், ஷானன் பென்னெட் மூவரும் ஓர் ஆய்வு செய்து 2010-இல் வெளியிட்டார்கள். முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களைத் தாங்களே மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகத் தள்ளிப்போட்டார்களாம். தன்னையே ஏசிக்கொண்டால் சுறுசுறுப்பு வரும் என்று நம்பிய எனக்கு இது தலைகீழ் செய்தி. நான் ஏசியதும் அவள் தன்னை ஏசிக்கொண்டதும் சேர்ந்துதான் அந்த நோட்டைப் பைக்குள்ளேயே வைத்திருந்தன.

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். நூலகத்தில் தனியாகக் கேட்டது போதாது என்று தோன்றியது. வகுப்பில் திட்டினேன், வகுப்பிலேயே கேட்டேன். பிள்ளைகள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். பிறகு ஒரு விதி போட்டேன். யார் ரெக்கார்டிலும் தாளைக் கிழிக்கக் கூடாது. தப்பென்றால் ஒற்றைக் கோடு போட்டு அடித்துவிட்டு மேலே போக வேண்டும். வேதியியலில் நிஜ ஆய்வகங்களின் வழக்கமும் அதுதான். எழுதியதை யாரும் கிழிப்பதில்லை. இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

கற்றலில் சுயநெறிப்படுத்தல் பற்றி பாரி சிம்மர்மன் என்ற கல்வி உளவியலாளர் மூன்று கட்டங்களாகச் சொல்வார்: தொடங்குமுன் யோசிப்பது, செய்யும்போது தன்னைக் கவனிப்பது, முடித்தபின் திரும்பிப் பார்ப்பது. எங்கள் மூன்று மணி நேர ஆய்வக வகுப்பில் நடுவில் இருப்பது மட்டும்தான் நடந்துகொண்டிருந்தது. அரைத் தாள் ஒன்றைக் கொடுக்க ஆரம்பித்தேன். வந்ததும், "இன்றைக்கு எந்த இடத்தில் சிக்குவேன்?" கிளம்பும்போது, "சிக்கியதும் என்ன செய்தேன்?" தமிழில் எழுதலாம், மார்க் கிடையாது. "ப்யூரெட் குழாயைத் திருகும்போது கை நடுங்கும்" என்று ஒரு பையன் எழுதினான். "பக்கத்தில் இருப்பவள் சீக்கிரம் முடித்துவிட்டால் எனக்குப் படபடப்பு" என்று இன்னொருத்தி. அந்தப் பெர்மாங்கனோமெட்ரி பரிசோதனையில், ஊதா நிறப் பர்மாங்கனேட்டைச் சூடான ஆக்சாலிக் அமிலத்தில் விடும்போது முதல் சில துளிகளின் நிறம் மறைய நேரமாகும். பொறுக்காமல் மளமளவென்று விட்டால் பழுப்பாகக் கலங்கிப்போகும். வினையில் உண்டாகிற மாங்கனீசு அயனியே பிறகு வினையைத் துரிதப்படுத்தும். இதைப் பல வருடங்களாகப் பாடமாகச் சொல்லியிருக்கிறேன். அந்த முதல் அரை நிமிடத்தில் பிள்ளைகளின் விரல் என்ன பாடுபடுகிறது என்று கேட்டதே இல்லை.

எல்லாருக்கும் இது பலித்தது என்று சொல்ல மாட்டேன். இரண்டு பையன்கள் கடைசி வரை "ஒன்றுமில்லை" என்றே எழுதினார்கள். ஒருவன் வகுப்பில் தூங்கி விழுவான். இரவு ஒரு மணி வரை புரோட்டாக் கடையில் மாவு அடிக்கிறான் என்று அந்தத் தாளால்தான் தெரிந்தது. தூக்கமில்லாதவனிடம் சுயகட்டுப்பாடு பேசுவது அநியாயம். அவனுடைய ஆய்வக நேரத்தை மாற்றிக்கொடுக்க முடிந்தது. கடையை மாற்ற முடியவில்லை. இன்னொரு பிள்ளை எழுதியதைப் படித்ததும் இது ஆசிரியர் கையில் நிற்கிற விஷயமில்லை என்று புரிந்தது. அவளுடன் டவுன் பஸ்ஸில் ஏறி அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவுக்குப் போனேன். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய அரசு மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ, அந்தப் பிள்ளையோடு போய்வந்த நாளிலிருந்து ஆய்வகக் கரும்பலகை ஓரத்தில் அழிக்காமல் வைத்திருக்கிறேன். காசு கிடையாது, எந்நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம்.

சரி, ஆசிரியர்களுக்கு? கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற உளவியலாளர் 1981-இல் தன் சகாவோடு சேர்ந்து வெளியிட்ட அளவுகோலில் பணிச்சோர்வுக்கு மூன்று முகங்கள் இருக்கின்றன: மனம் வற்றிப்போவது, எதிரே இருப்பவரை மனிதராகப் பார்க்க முடியாமல் போவது, செய்ததெல்லாம் வீண் என்று தோன்றுவது. இரண்டாவதைப் படித்தபோது அந்த வெள்ளிக்கிழமை நினைவுக்கு வந்தது. அன்றைக்கு வராத நோட்டுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது, பிள்ளை தெரியவில்லை. எங்கள் சுயநிதிப் பிரிவில் என்னைவிட மிகக் குறைந்த சம்பளத்தில், என்னைவிட அதிக வகுப்பெடுக்கும் தங்கைகள் இருக்கிறார்கள். ஒருத்தி கெமிக்கல் ஸ்டோர் ரூமுக்குள் போய் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வகுப்புக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கென்று சனிக்கிழமை விடுமுறையைப் பறித்து மன அழுத்த மேலாண்மைப் பயிலரங்கு வைத்தார்கள். ஜியோ டேக் போட்டோ எடுத்து, பின்னூட்டப் படிவம் வாங்கிக் கோப்பில் வைத்தார்கள். எனக்கு அதில் கோபம் உண்டு. அந்தத் தங்கைக்குத் தேவைப்பட்டது அந்தச் சனிக்கிழமைதான். வேலைப்பளுவைக் குறைக்காமல் மூச்சுப் பயிற்சி மட்டும் சொல்லிக்கொடுப்பது, சுமையைத் தலையில் ஏற்றிவிட்டுக் கழுத்துக்குத் தைலம் தடவுவது.

என்னால் ஆனதை மட்டும் மாற்றிக்கொண்டேன். இரவு ஒன்பதரைக்கு மேல் பேப்பர் திருத்துவதில்லை. மோசமான நாளென்றால் வகுப்பில் முதலிலேயே சொல்லிவிடுவேன்: "எனக்கு ராத்திரி தூக்கமில்லை. குரல் உயர்ந்தால் அது உங்களால் இல்லை." இப்படிச் சொல்வதற்கு முதலில் கூச்சமாக இருந்தது. சொன்ன நாட்களில் குரல் உயர்ந்தது குறைவு. இப்போதெல்லாம் பிள்ளைகளே "மேம், இன்னிக்குத் தூங்குனீங்களா?" என்று கேட்கிறார்கள்.

அந்த நவம்பரில் பிராக்டிகல் தேர்வு. வெளியே நல்ல மழை. அவள் ரெக்கார்டில் ஒற்றைக் கோட்டு அடித்தல்கள் 20-க்கு மேல் இருந்தன. எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டிருந்தேன். வெளித்தேர்வாளர் வந்திருந்ததால் நான் பேசக் கூடாது. அவளுக்கு வந்ததும் பர்மாங்கனேட்தான். முதல் தரம்பார்த்தலில் (டைட்ரேஷனில்) விரல் தவறிவிட்டது. வெளிர் ரோஜா நிறத்தில் நிற்க வேண்டியது அடர் ஊதாவுக்குப் போய்விட்டது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தபோது குடுவையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் லேப் கோட்டில் துடைத்துக்கொண்டிருந்தாள். சுவர்க் கடிகாரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தாளில் எழுதியிருந்த அளவின் மேல் ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டாள். குடுவையைக் கழுவி, பிப்பெட்டில் மறுபடியும் 20 மில்லி எடுத்தாள்.