பொய்க்கடை நாட்குறிப்பு

ஜூன் 3, 2025, செவ்வாய், மதுரை

சமூக அறிவியல் ஆய்வு ஒன்றுக்காக ஆன்லைன் மளிகைக் கடை கட்டித் தரும் வேலை கைக்கு வந்திருக்கிறது. பொருளைத் தேடலாம், கூடையில் போடலாம், பணம் கட்டும் பக்கம் வரை போகலாம். அந்தப் பக்கத்தில் 'நற்பணிக்கு 10 ரூபாய்' என்று ஒரு கட்டம். பாதிப் பேருக்கு அதில் நாங்களே டிக் போட்டு வைத்திருப்போம், மீதிப் பேருக்கு வெறுமனே இருக்கும். கடையும் சிலருக்குத் தமிழில், சிலருக்கு ஆங்கிலத்தில். ஆக நான்கு கடைகள். கேட்காமல் வந்து உட்கார்ந்த 10 ரூபாயை யார் கவனிக்கிறார்கள், தமிழில் இருந்தால் கூடுதலாகக் கவனிக்கிறார்களா என்பது ஆய்வை நடத்தும் மேடத்தின் கேள்வி.

என் கேள்வியும் அதுதான். அம்மாவின் பில்களில் இப்படி 5, 10 என்று போனதைப் பல மாதம் கழித்துத்தான் நான் பார்த்தேன். அவளுக்கு இன்னும் அது என்னவென்று தெரியாது.

ஜூன் 9, திங்கள்

ஆன்லைன் வணிகத் தளங்கள் மூன்று மாதத்துக்குள் தங்களைத் தாங்களே தணிக்கை செய்துகொள்ள வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லியிருக்கிறது. 2023 நவம்பர் 30-இல் வந்த வழிகாட்டுதலில் 13 வகை டார்க் பேட்டர்ன்களை, அதாவது வாங்குபவரை ஏமாற்றும் திரைத் தந்திரங்களைப் பட்டியலிட்டிருந்தார்கள். வாடிக்கையாளர் சம்மதமில்லாமல் கூடையில் நன்கொடை சேர்ப்பதும் அதில் ஒன்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011-லேயே, முன்கூட்டிப் போட்ட டிக் வழியாக வாங்கிய கூடுதல் பணத்தை வாடிக்கையாளர் திரும்பப் பெறலாம் என்று எழுதிவிட்டார்கள்.

பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் 2019-இல் சுமார் 11,000 கடைத் தளங்களைத் துழாவி 1,818 தந்திரங்களைப் பிடித்தார்கள். கடை என்ன செய்கிறது என்பதற்கு அது சாட்சி. வாங்க வந்தவர் அந்த இடத்தில் என்ன செய்தார் என்பது நிறுவனங்களின் கணினிக்குள் பூட்டிக் கிடக்கிறது, ஆய்வாளருக்குத் திறந்து காட்ட மாட்டார்கள். அதனால்தான் சொந்தமாகக் கடை கட்ட வேண்டியிருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டில் உணவுத் தேர்வுகளை ஆராய 'வுட்ஸ்' என்றொரு ஆன்லைன் சூப்பர்மார்க்கெட்டையே கட்டி வைத்திருக்கிறார்கள். நம்முடையது ஆன்லைன் கடை கட்ட உதவும் வூகாமர்ஸ் என்ற மென்பொருளில் எழுப்பிய சின்னக் கடை, 140 பொருட்கள்.

ஜூன் 12, வியாழன்

முழு நாளும் ஒரே ஒரு வரிக்குப் போனது.

'10 ரூபாய் சேர்க்கவும்' என்றால் கட்டளை போல இருக்கிறது. 'சேர்த்து உதவுங்கள்' என்றால் மனசைத் தொட்டுக் கேட்பதாகிவிடுகிறது, ஆங்கில வரியில் அந்தக் கெஞ்சல் இல்லை. தொனி மாறினால் நாங்கள் அளப்பது மொழியையா, கெஞ்சலையா என்று யாராலும் சொல்ல முடியாது. கடைசியில் 'நற்பணிக்கு ₹10 சேர்க்கப்படும்' என்று முடிவு செய்து, ஆங்கில வரியைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்துத் திருப்பி மொழிபெயர்க்கச் சொன்னோம். ஒத்து வந்தது.

அடுத்த சிக்கல் போனில். தமிழ் வரி இரண்டாக மடிந்ததில் கட்டம் கீழே இறங்கி, திரையை நகர்த்தினால்தான் கண்ணில் பட்டது. ஆங்கிலத்தில் நகர்த்தாமலே தெரிந்தது. இரண்டுக்கும் ஒரே உயரம் ஒதுக்கிச் சரி செய்தேன். தேடல் பெட்டிக்கும் ஊர்ப்பேச்சு சொல்லிக் கொடுத்திருக்கிறேன்: தொவரம்பருப்பு, துவரை, மல்லித்தழை, கொத்தமல்லி, சக்கரை, சீனி.

ஜூன் 17, செவ்வாய்

நண்பர்கள் 40 பேரை விட்டுச் சோதித்தோம். கடை தமிழில் திறந்து, பணம் கட்டும் இடத்தில் ஆங்கிலமாக மாறுகிறது என்று மூன்று பேர் போன் செய்தார்கள். எனக்குக் கை நடுங்கிவிட்டது.

காரணம் கேஷ் (cache), பக்கத்தின் நகலைச் சேமித்து வைக்கும் வசதி. பக்கம் வேகமாக வரட்டும் என்று நான்தான் போட்டிருந்தேன். முதலில் வந்தவருக்கு உருவான முகப்பை அது சேமித்துக்கொண்டு, பின்னால் வந்த எல்லோருக்கும் அதையே நீட்டியிருக்கிறது. பணம் கட்டும் பக்கம் மட்டும் கேஷில் விழாததால், அங்கே போன பிறகுதான் யாருக்கு எந்தக் கடை என்ற குலுக்கலே நடந்திருக்கிறது. மேடம் பார்த்திருக்கும் அட்டவணையில் எல்லாம் ஒழுங்காகவே தெரிந்திருக்கும், அதுதான் பயங்கரம். கேஷை எடுத்துவிட்டேன். இனி அவரவருக்கு அனுப்பும் இணைப்பிலுள்ள எண்ணே எந்தக் கடை என்பதைத் தீர்மானிக்கும். பாதியில் போய் மறுநாள் வந்தாலும் அதே கடைதான் திறக்கும்.

ஜூன் 26, வியாழன்

இன்று நடந்ததை மறைக்காமல் எழுத வேண்டும்.

பக்கத்துத் தெரு அத்தை ஒருவர் முன்னோட்டத்தில் கலந்துகொண்டார். காலையில் பால் வாங்கப் போன இடத்தில் என்னைப் பிடித்து, "தம்பி, பருப்பு இன்னும் வரலையே?" என்றார். இது ஆய்வுக்கான கடை, பொருள் வராது என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தேன். ஆனால் வூகாமர்ஸில் தானாக வரும் முகவரிக் கட்டங்களை நீக்க மறந்திருக்கிறேன். அவர் வீட்டு எண், தெரு, 'பிள்ளையார் கோயில் எதிரே', போன் நம்பர் எல்லாம் நிதானமாகத் தட்டியிருக்கிறார். முகவரி கேட்டால் பொருள் வரும் என்றுதானே யாரும் நினைப்பார்கள்?

அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். முகவரிகளை அழித்து, பேக்கப்பிலும் அழித்தேன். மாலையில் மேடத்திடம் சொன்னபோது அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "பொருள் வரணும்ப்பா. எல்லாருக்கும் முடியாது, பத்துல ஒருத்தருக்காவது வரணும்" என்றார்.

அது ஆய்வுக்கும் நல்லது. பொய்ப்பணம் என்றால் மனிதர்கள் தாராளமாகச் செலவழிப்பார்கள். ஒவ்வொருவருக்கும் செலவழிக்க நாங்கள் கொடுக்கும் 500 ரூபாயில் வாங்கிய சரக்கும் மிச்சக் காசும் குலுக்கலில் நிஜமாகவே கைக்கு வரலாம் என்றால் ஒவ்வொரு ரூபாயையும் பார்ப்பார்கள். முகவரியைக் குலுக்கலில் வந்தவரிடம் மட்டும், பின்னர் கேட்போம்.

ஜூலை 5, சனி

ஆய்வில் கலந்துகொள்பவர்களுக்குத் தீங்கு வராமல் பார்க்கும் நெறிமுறைக் குழு ஒப்புதல் கொடுத்துவிட்டது. இரண்டு நிபந்தனைகள். கடைசிப் பக்கத்தில் அந்த 10 ரூபாய்க் கட்டத்தைப் பெரிதாகக் காட்டி, எதற்காக வைத்தோம் என்று விளக்கி, தரவைப் பயன்படுத்தலாமா என்று மறுபடி கேட்க வேண்டும். டிக் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 10 ரூபாயை யாரிடமும் எடுக்கக் கூடாது. இரண்டும் நாங்களே கேட்க நினைத்தவைதான்.

ஜூலை 14, திங்கள்

கடை திறந்து மூன்றாம் நாள். வந்தவர்கள் 61. எந்தக் கடையில் எத்தனை பேர் டிக்கை எடுத்தார்கள் என்று நான் பார்க்கவில்லை. எண்ணிக்கை நிறையும் வரை பார்ப்பதில்லை என்று ஆய்வுத் திட்டத்தில் முன்பே பதிந்திருக்கிறோம்.

முதல் குலுக்கல் செல்லூருக்கு விழுந்தது. டெலிவரிக்கு நானே பைக்கில் போனேன். துவரம்பருப்பு ஒரு கிலோ, நல்லெண்ணெய் அரை லிட்டர், சீனி ஒரு கிலோ, டீத்தூள் கால் கிலோ. மொத்தம் 462 ரூபாய். கதவைத் திறந்த அக்கா வாசல்படியிலேயே உட்கார்ந்து, போனில் இருந்த பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். எண்ணெய்ப் பாக்கெட்டைத் திருப்பித் தேதி பார்த்தார். உறையைப் பிரித்து 38 ரூபாயை இரண்டு தடவை எண்ணினார். "சரியா இருக்குப்பா. தண்ணி குடிக்கிறியா?" என்றார்.