பீடத்தில் இல்லாத பெயர்

பொது இடங்களில் நிற்கும் வெண்கலச் சிற்பங்களைக் கழுவி மெழுகு பூசுவதுதான் என் வேலை. பறவை எச்சத்தை அப்படியே விட்டால் உலோகத்தை அரித்துவிடும். லேசான சோப்புத் தண்ணீர், மெத்தென்ற பிரஷ், நன்றாகக் காய்ந்ததும் மெழுகு. அப்புறம் துணியால் தேய்க்கத் தேய்க்க, மங்கிக் கிடந்த நிறம் மேலே வரும்.

சேர்ந்த புதிதில், உட்கார்ந்திருக்கும் ஒரு பெண் சிலைக்கு மெழுகு பூசிக்கொண்டிருந்தேன். ஆடை மடிப்புக்குள் கையை விட்டபோது ஒரு பள்ளம் தட்டுப்பட்டது. டார்ச் அடித்துப் பார்த்தால், கட்டைவிரல் தடம். களிமண்ணில் உருவம் பிடித்தபோது சிற்பி அழுத்திய இடம், அச்சையும் வார்ப்பையும் தாண்டி அப்படியே நின்றிருக்கிறது. என் விரலை வைத்துப் பார்த்தேன். அந்த விரல் கொஞ்சம் சிறியது.

இறங்கி வந்து பீடத்தைப் படித்தேன். திறந்து வைத்தவர் பெயர் இருந்தது, பணம் கொடுத்தவர்கள் பெயர் இருந்தது. செய்தவர் பெயர் இல்லை. பழைய கோப்பைத் துழாவித்தான் கண்டுபிடித்தேன். ஒரு பெண்.

அதன் பிறகு தேடிப் படிக்க ஆரம்பித்தேன். நியூயார்க் சென்ட்ரல் பூங்காவின் பெதஸ்டா நீரூற்றில் நிற்கும் தேவதையைப் படத்திலாவது பார்க்காதவர்கள் குறைவு. 1873-இல் திறக்கப்பட்ட அதைச் செய்தவர் எம்மா ஸ்டெபின்ஸ். அந்த நகரத்தில் பெரிய பொதுச் சிற்பப் பணி பெற்ற முதல் பெண் அவர்தான்.

மாயா லின் கதை வேறு மாதிரி. 1981-இல் வாஷிங்டனின் வியட்நாம் போர் நினைவுச் சின்னத்துக்கு 1,421 வடிவமைப்புகள் வந்தன. நடுவர்களுக்குப் பெயர் தெரியாது, எண்தான் தெரியும். வென்றவர் 21 வயது மாணவி. பெயர் வெளியே வந்ததும், வடிவத்தோடு சேர்த்து அவருடைய ஆசிய வம்சாவளியையும் சிலர் வம்புக்கு இழுத்தார்கள்.

என்னை அதிகம் வருத்துவது அகஸ்டா சாவேஜ். 1939 நியூயார்க் உலகக் கண்காட்சிக்காக, பாடும் கறுப்பின மக்களையே தந்திகளாக நிறுத்தி, சுமார் 16 அடி உயரத்தில் ஒரு யாழ் செய்தார். பிளாஸ்டரில் செய்தது. வெண்கலத்தில் வார்க்கப் பணம் இல்லாததால், கண்காட்சி முடிந்ததும் இடித்துவிட்டார்கள். பிளாஸ்டர் மழையில் என்ன ஆகும் என்று என் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஆனாலும் அதை உள்ளே எடுத்து வைத்திருக்கலாம். ஒரு கூரை போதும்.

எங்கள் பராமரிப்புப் படிவத்தில் சிற்பத்தின் எண், உயரம், உலோகம் எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. சிற்பி பெயருக்கு இல்லை. நானே கையால் கோடு போட்டு ஒரு கட்டம் சேர்த்தேன். “அது நம்ம வேலை இல்லையேம்மா” என்றார் மேலதிகாரி. கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் அன்று முழுக்க மனசு ஆறவில்லை.

அந்தப் பீடத்துக்குப் பெயர்ப்பலகை கேட்டு மூன்று முறை எழுதிவிட்டேன். போன மாதம் நான்காவது முறை. இந்தத் தடவை பலகையின் அளவு, எழுத்தின் உயரம், எத்தனை திருகாணி வேண்டும் என்பது வரை வரைந்து கொடுத்திருக்கிறேன்.