சாம்பிராணிக்கோடியா, மன்றோத்துருத்தா?

ஜனவரி 27, 2026, செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமை கொல்லத்தில் கல்யாணம். மறுநாள் மாலை தென்காசி பஸ்ஸைப் பிடித்தால் போதும் என்பதால் திங்கள் காலை எங்கள் கையில் இருக்கிறது. அதற்குள் ஒரு தீவைப் பார்த்துவிடுவது என்று முடிவாகிவிட்டது. எந்தத் தீவு என்பதில்தான் வீடு இரண்டுபட்டு நிற்கிறது. கொழுந்தனும் பிள்ளைகளும் சாம்பிராணிக்கோடி என்கிறார்கள்; நான் மன்றோத்துருத்து என்கிறேன். இரண்டுமே கொல்லத்தை ஒட்டிய அஷ்டமுடிக் காயலில்தான் இருக்கின்றன. ஆனால் அரை நாளில் இரண்டுக்கும் ஓடினால் எதையும் பார்த்ததாகாது.

ஜனவரி 28, புதன்

கொழுந்தன் காட்டிய வீடியோக்களைப் பார்த்தேன். சாம்பிராணிக்கோடி அழகுதான், மறுக்கமாட்டேன். பிராக்குளத்துப் பக்கம் படகேறினால் சற்று நேரத்தில் போய்விடலாம். காயலில் தோண்டி எடுத்த மணல் குவிந்து உண்டான திட்டு என்கிறார்கள். அலையாத்தி மரங்கள் வேர்விட்டிருக்கின்றன, குடியிருப்பு கிடையாது. முழங்காலளவு, இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி நடப்பதுதான் அங்கே போவதன் சுகமே. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். மூட்டுவலியோடு வரும் அத்தையை எங்கே உட்கார வைப்பது? அதோடு ஞாயிறு தைப்பூசம். பௌர்ணமியை ஒட்டி வேலியேற்றத்தில், அதாவது கடல் ஏறும் நேரத்தில், தண்ணீர் வழக்கத்தைவிட உயரும்.

'நான் கரையிலேயே இருந்துகொள்கிறேன், நீங்கள் போய் வாருங்கள்' என்றார் அத்தை. இப்படி ஒருவரைக் கரையில் உட்கார வைத்துவிட்டுப் போகிற உல்லாசம் எனக்கு வேண்டாம்.

ஜனவரி 31, சனி

செங்கோட்டையில் பிற்பகல் ரயில் ஏறினோம். ஆரியங்காவு தாண்டி, கழுதுருட்டியில் பதின்மூன்று கண் பாலம் வந்ததும் பிள்ளைகள் ஜன்னலுக்கு முண்டியடித்தார்கள். நான் அவர்களுக்குக் கீழே ஓடும் ஆற்றைக் காட்டினேன். கழுதுருட்டி, செந்துருணி, குளத்துப்புழை என்று மலையிலிருந்து இறங்கும் ஆறுகள் சேர்ந்துதான் கல்லடா ஆறாகின்றன. அந்தக் கல்லடா, அஷ்டமுடிக் காயலில் கலக்கும் இடத்தில் சேர்த்த வண்டல்தான் மன்றோத்துருத்து. நாம் தினமும் பார்க்கிற மலையின் மண் அங்கே தீவாகக் கிடக்கிறது என்றேன். பெரியவன் உடனே கேட்டான்: 'அப்படியானால் தென்மலை அணையில் மண் நின்றுவிடாதா?'

சரியான கேள்வி. அணை வந்த பிறகு வண்டல் வரத்துக் குறைந்தது. தீவு தாழ்ந்துகொண்டே போவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று சொல்லப்படுகிறது. 2004 சுனாமிக்குப் பிறகு நிலைமை மோசமானது என்பது அங்குள்ளவர்களின் அனுபவம். தண்ணீர் வீட்டுக்குள் வந்து வந்து போவதைத் தாங்காமல் பல குடும்பங்கள் வெளியேறிவிட்டன.

திருவிதாங்கூரில் ரெசிடென்ட்டாக, அதாவது ஆங்கிலேயக் கம்பெனியின் பிரதிநிதியாக இருந்த கர்னல் ஜான் மன்றோவின் பெயரைத்தான் தீவுக்கு வைத்தார்கள். செங்கோட்டையும் முன்பு அந்த நாட்டோடும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடும்தான் இருந்தது என்று அத்தை எடுத்துச் சொன்னார். கொல்லம் வருவதற்குள் கொழுந்தன் மன்றோத்துருத்துக்கு ஒத்துக்கொண்டுவிட்டார். பிள்ளைகளுக்கு மட்டும் மே மாதம் சாம்பிராணிக்கோடி என்று வாக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று.

பிப்ரவரி 2, திங்கள்

கல்யாணம் நன்றாக நடந்தது. அடைப்பிரதமன் பாயசம் பற்றித் தனியாக எழுதவேண்டும்.

காலையில் பாசஞ்சர் ரயில். பெரினாடு கழிந்ததும் பெருமண் பாலம். 1988 ஜூலை 8 அன்று ஐலண்ட் எக்ஸ்பிரஸ் இங்கேதான் காயலில் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பாலம் முடியும்வரை அத்தை கைகூப்பியபடி இருந்தார்.

மன்றோத்துருத்தில் வள்ளத்துக்குத் துடுப்பு இல்லை. நீண்ட கழியை ஊன்றித் தள்ளுகிறார்கள். அடித்தட்டில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அத்தையை உட்கார வைத்துவிட்டார் வள்ளக்காரர். கால் நனையவில்லை. தோடுகள் என்று அவர்கள் சொல்லும் சிறு கால்வாய்கள் குறுகலானவை, இருபுறமும் கை நீட்டினால் செம்பருத்தி வேலி படுகிறது. நடைபாலங்கள் வரும்போது எல்லோரும் குனிந்தோம். தண்ணீர் ஏறியிருந்ததால் அந்தப் பாலங்களுக்கும் எங்கள் தலைக்கும் இடையே சாண் அளவுதான் இடைவெளி.

ஒரு வீட்டின் முன் வள்ளம் நின்றது. சுவரில் முழங்கால் உயரத்துக்குக் காரை உதிர்ந்து செங்கல் தெரிகிறது. அதற்குமேல் உப்பு பூத்து வெள்ளையாக ஒரு கோடு. தண்ணீர் ஏற ஏறத் தரையை மண் போட்டு உயர்த்தியிருக்கிறார்கள். வாசல் நிலையோ பழைய உயரத்திலேயே நிற்கிறது. அந்த வீட்டு அம்மா குனிந்துதான் வெளியே வந்தார். பின்னால் நின்ற தென்னைகளின் குருத்து சிறுத்து, ஓலை மஞ்சளித்திருந்தது. உப்புத் தண்ணீர் வேரில் நின்றால் இப்படித்தான் ஆகும் என்றார் வள்ளக்காரர். அத்தை அந்த அம்மாவிடம் மலையாளத்தில் பேச ஆரம்பித்தார். எத்தனை பிள்ளைகள், கிணற்றுத் தண்ணீர் குடிக்க ஆகுமா என்று தொடங்கி, வீட்டை விட்டுப் போகும் எண்ணம் உண்டா என்பதுவரை கேட்டுவிட்டார். மகன் அழைக்கிறானாம், தான் போகமாட்டேன் என்றார் அந்த அம்மா.

தண்ணீரில் விளையாட முடியாத குறை பிள்ளைகளுக்கு இருந்தது. கரையில் குவிந்திருந்த கக்கா (மட்டி) ஓடுகளைப் பொறுக்கியதில் பாதி தீர்ந்தது. இந்தக் காயலின் கக்கா மீன்பிடிப்புக்கு 2014-இல் எம்.எஸ்.சி. (Marine Stewardship Council) சான்று, அதாவது வளம் அழியாமல் பிடிக்கிறார்கள் என்பதற்கான சர்வதேசச் சான்று கிடைத்தது, இந்தியாவிலேயே முதலாவது என்று சொன்னேன். பெரியவன் நோட்டில் குறித்துக்கொண்டான்.

கொல்லத்திலிருந்து ஒரு காலைப் பொழுது மட்டும் கிடைப்பவர்களுக்கு, அதிலும் வயதானவர்களோடு வருபவர்களுக்கு, மன்றோத்துருத்தைத்தான் சொல்வேன். வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். பிள்ளைகள் மட்டும் என்றால் சாம்பிராணிக்கோடி. ஓணத்துக்குப் பிறகு இருபத்தெட்டாம் நாள் கல்லடா ஆற்றில் வள்ளங்களி என்னும் படகுப் போட்டி நடக்குமாம். அதற்கு அலுவலகத்தில் இப்போதே விடுப்புச் சொல்லி வைக்கப்போகிறேன்.